மறு: 'உள்நோக்கு வாசிப்பு' சரிப்படுமா?

அனைவருக்கும் வணக்கம். சபைக்கு அல்லாமல் தனக்குத்தானே ஊதுவது போன்ற ஜாஸ் பாணிக்குத் தமிழில் ஒரு சொல் தேடுகிறோம்; இதுவரை வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> கென்னி வீலர் போன்ற ஜாஸ் டிரம்பெட்காரர்களின் பாணியை 'உள்நோக்கு வாசிப்பு' எனலாமா?

எனக்குத் தயக்கமாக இருக்கிறது. உள்நோக்கு என்றதும் நம் காதில் 'உள்நோக்கம்' தான் விழும். 'வீலர் உள்நோக்கோடு ஊதினார்' என்று எழுதினால், மனிதர் யாரையோ கவிழ்க்கத் திட்டம் போட்டது போல ஆகிவிடும். 'வாசிப்பு' என்பதும் பாதிதான். அவருடைய சுபாவம் அவர் எழுதிய மெட்டுகளிலும் அதே அளவு இருக்கிறது. பெரிய குழுவுக்கு எழுதும்போது, பாடகி நார்மா வின்ஸ்டனின் சொல்லில்லாத குரலை ஊதுகருவிகளுக்கு நடுவே சேர்த்தவர் அவர்.

> அப்படியானால் 'மென்பாணி'?

இது இன்னும் பிசகு. 1975இல் பதிவான வீலரின் 'நூ ஹை' இசைத்தொகுப்பைக் கேளுங்கள். பியானோவில் கீத் ஜாரட், பாஸில் டேவ் ஹாலண்ட், டிரம்ஸில் ஜாக் டிஜானெட் மூவரும் கூட இருக்கிறார்கள். வீலர் நிதானமாக ஊதிக்கொண்டே வந்து, சட்டென்று மேல் ஸ்தாயிக்குத் தாவுவார். அதில் மென்மை எங்கே? ஆனால் அவ்வளவு தூரம் தாவியும் சபையைப் பார்த்து ஊதியதாகத் தோன்றாது. தன்னிடமே ஏதோ கேட்டுக்கொள்வது போல இருக்கும். நாம் சொல் தேடுவது அதற்குத்தான்.

என் பரிந்துரை 'அகப்பாணி'. முதலில் 'அகவிசை' என்று யோசித்தேன், இயற்பியல்காரர்கள் விசையைப் பிடித்துக்கொள்வார்கள். 'அகநடை' என்றால் தாளக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பாணி என்பது பாடுவது, வாசிப்பது, மெட்டமைப்பது எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே புழங்கும் சொல். (அகப்பை என்று கேட்கிறது என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.)

> இதமான ஒலிக்கு 'வெப்ப நாதம்'...

அடுப்பு ஞாபகம் வருகிறது. 'கனிந்த நாதம்' போதுமே, குரல் கனிந்திருக்கிறது என்று சொல்கிறோம் அல்லவா? ஆனால் இதையும் அகப்பாணியையும் ஒன்றாக்க வேண்டாம். கனிவில் பெரும்பங்கு கருவியுடையது. 'நூ ஹை'யில் வீலர் ஊதுவது டிரம்பெட்டுக்கு உறவான ஃபுளூகல்ஹார்ன். குழாயின் நீளம் கிட்டத்தட்ட டிரம்பெட் அளவுதான், ஆனால் டிரம்பெட்டில் பெரும்பகுதி ஒரே விட்டம், இதில் கூம்பாக விரிந்துகொண்டே போகும். அதனால் ஊதும் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த மேற்சுரங்கள் அடங்கி ஒலி உருண்டு வருகிறது. டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் ஹார்மன் மியூட் (ஒலியை மாற்றி அடக்கக் கருவியின் வாயில் செருகும் உலோகத் துண்டு) செருகி ஊதும்போது கேட்பது இதற்கு நேரெதிர்: மெலிந்த, உலோகம் அதிரும் ஒலி. அதில் கனிவே கிடையாது. இருந்தும் அவர் அகப்பாணிக்காரர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. ஆகவே இரண்டு சொல் வேண்டும்.

அப்புறம், ஃபுளூகல்ஹார்னை 'சிறகுக்கொம்பு' ஆக்குவது பற்றி. ஜெர்மன் மொழியில் அந்த முன்பாதிக்குச் சிறகு என்று பொருள், சரி. ஆனால் படிப்பவருக்குப் பறவைதான் தெரியும், கருவி தெரியாது. பெயரை அப்படியே விட்டுவிடலாம். மியூட்டுக்குத்தான் சொல் கிடைக்கவில்லை. 'அடைப்பான்' என்றால் பாட்டில் மூடியாகிவிடுகிறது. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.