பொருள்: மறு: பிளாக் டைம் – ‘கட்டை நேரம்’ வேண்டாமே

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

நகரங்களுக்கிடையிலான விமானத் தொலைவுப் பட்டியலுக்குப் ‘பயண நேரம்’ என்ற ஒரு சொல்லே போதும் என்று கலைச்சொல் தேடும் நம் குழுவில் ஐயா நேற்று எழுதியிருந்தார். எனக்கு அது போதவில்லை; ஆங்கிலத்தில் பிளாக் டைம், ஏர் டைம் என்று பிரிப்பதுபோல் நமக்கும் இரண்டு சொற்கள் வேண்டும்.

சென்னை–டெல்லி பெருவட்டத் தொலைவு (உலக உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி) ஏறத்தாழ 1,760 கி.மீ. மணிக்கு 850 கி.மீ. என்று வகுத்தால் இரண்டு மணிக்குச் சற்று மேல் வரும். பயணச்சீட்டிலோ 2 மணி 50 நிமிடம் வாக்கில் போட்டிருக்கும். மீனம்பாக்கத்தில் ஓடுபாதை வரை ஊர்ந்தது, முறைக்காக நின்றது, ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைந்தது, டெல்லியில் மறுபடி ஊர்ந்தது எல்லாம் அதில் அடக்கம். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்து விமானம் நகர்வதிலிருந்து, போய் நின்று மறுபடி கட்டை போடும் வரை உள்ளது பிளாக் டைம். சக்கரம் தரையை விட்டதிலிருந்து தரை தொடும் வரை மட்டும் என்றால் ஏர் டைம். இதற்குப் ‘பறப்பு நேரம்’ என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்காது.

சிக்கல் பிளாக் டைமில்தான். அப்படியே மொழிபெயர்த்துக் ‘கட்டை நேரம்’ என்றால் குட்டையான நேரம் என்று படும். வாய்விட்டுச் சொன்னால் ‘கெட்ட நேரம்’ என்றே காதில் விழும். விமானம் ஏறப்போகிறவரிடம் சொல்லக்கூடிய சொல்லா இது?

என் பரிந்துரை மயிலாப்பூர் மாடவீதியிலிருந்து. பங்குனித் தேர் புறப்பட்டதும் வழிநெடுகச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தே திருப்புகிறார்கள், நிறுத்துகிறார்கள். சுற்றி வந்து முடிந்தால் ‘தேர் நிலைக்கு வந்துவிட்டது’ என்கிறோம். விமானம் நிற்கும் இடமும் ஒரு நிலைதானே! கட்டை எடுத்து நகர்வது நிலைபெயர்வு, வந்து நிற்பது நிலைசேர்வு, இடைப்பட்டது நிலைநேரம்.

மயிலாப்பூரிலிருந்து

——

மறு:

தேர் அழகு. ஆனால் இயற்பியலில் ‘நிலை ஆற்றல்’ படித்த மாணவன் நிலைநேரத்தை ‘நின்றுகொண்டிருக்கும் நேரம்’ என்றல்லவா எடுத்துக்கொள்வான்? ‘நிலைசேர் நேரம்’ என்றால் குழப்பமில்லை.

‘பெருவட்டத் தொலைவு’ எதற்கு, ‘நேர்கோட்டுத் தொலைவு’ போதாதா?

——

மறு: மறு:

நிலைசேர் நேரம், ஒப்புக்கொள்கிறேன். என்னுடையதை விட நல்ல சொல்.

நேர்கோடு மட்டும் கூடாது. வீட்டில் உலக உருண்டை இருந்தால் சென்னைக்கும் நியூயார்க்குக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். சுவர்ப்படத்தில் மேற்கே போக வேண்டியது, உருண்டையில் வடமேற்காக ஏறி ஆர்க்டிக் வட்டத்தையும் எட்டிவிட்டு இறங்கும். அந்த நூல்தான் பெருவட்டம். விமானம் அப்படியே அதன் மேல் போகாது. காற்று, வான்வெளி அனுமதி என்று விலகும். ஆகவே பட்டியலில் பறந்த தொலைவுக்குத் தனிப் பத்தி வேண்டும்; ‘பறப்புத் தொலைவு’ என்று வைக்கலாமா?

நேரத்தையும் தொலைவையும் கலப்பது நமக்குப் பழக்கம்தான். ‘நாழிகைவழி’ என்று தூரத்தை நடந்த நேரத்தால் சொன்னவர்கள் நாம். இன்றும் கிண்டி எவ்வளவு தூரம் என்று கேட்டால் ‘சிக்னல் விழலேன்னா பத்து நிமிஷம்’ என்றுதான் பதில் வருகிறது. பேச்சுக்குச் சரி, பட்டியலில் பிரித்தே போடுவோம்.

பறப்புத் தொலைவு பற்றி ஐயா சொல்லட்டும்.