கோண்டாவில் வளவு

சாந்தி, 5:48
(படம்)
வேலி அடைக்க வந்த சின்னராசா அண்ணை கிணத்தடிப் பக்கம் கிண்டேக்க வந்தது. ஒரு கடகம் நிறைய. ராசவள்ளிதானே? அம்மான்ர ஆட்டைத் திவசத்துக்கு உதவும்

பவானி, 5:50
ஓம் ஓம். அம்மா நட்ட கொடிதான்

ரதி, 5:50
இஞ்ச லண்டனில ஒரு துண்டுக்கு எடுக்கிற காசு தெரியுமோ

கஜன், 5:51
மாமி, வெட்டிப் பாத்தனீங்களோ, உள்ள ஊதாவோ?

நடேசன் மாஸ்ரர், 5:53
சாந்தி, கடகத்தை அடுப்படியால வெளிய எடு. கையைக் கழுவு. விளக்கம் பிறகு

சாந்தி, 5:53
ஏன் அண்ணை

நடேசன் மாஸ்ரர், 5:58
அதுக்குள்ள ரெண்டு சாதி கிடக்கு. இடப்பக்கம் கலப்பை மாதிரி மடிஞ்சு ரெண்டு கையா நிக்கிறது கார்த்திகைக் கிழங்கு. குளோரியோசா சுபேர்பா. லின்னேயஸ் 1753இல பேர் வைச்சது. முந்தி லில்லிக் குடும்பத்தில சேர்த்திருந்தவை, இப்ப கொல்சிக்கேசியே. கிழங்கு, தண்டு, இலை, விதை எல்லாம் நஞ்சு. கிழங்கும் விதையும் கூட மோசம்.

கஜன், 5:58
பாடம் தொடங்கீட்டுது. நான் பின் வாங்கில்

ரதி, 5:59
அவிச்சா நஞ்சு போகாதோ அண்ணை

நடேசன் மாஸ்ரர், 6:03
போகாது. அதுக்குள்ள இருக்கிறது கொல்சிசின். கலம் பிரியிறதை நிப்பாட்டும். கெதியாப் பிரியிற கலம் எங்க இருக்கோ அங்கதான் முதல் அடி: குடல், என்பு மச்சை, மயிர்வேர். தின்டு சில மணித்தியாலத்தில வாய் எரிவு, சத்தி, வயித்தோட்டம். தப்பிப் பிழைச்சவைக்கும் ரெண்டாம் கிழமையளவில தலைமயிர் கொட்டும். மாற்று மருந்து இல்லை. வள்ளிக்கிழங்கு எண்டு நினைச்சு அவிச்சுத் தின்டு ஆஸ்பத்திரிக்குப் போன ஆக்கள் இலங்கையில இருக்கினம்.

பவானி, 6:04
கொல்சிசினோ? அத்தானுக்குப் பெருவிரல் வீங்கேக்க இஞ்ச டொக்ரர் தந்த குளிசையெல்லோ அது

நடேசன் மாஸ்ரர், 6:05
அதேதான். கவுட் எண்ட மூட்டு வீக்கத்துக்கு. குளிசையில அரை மில்லிகிராம் அளந்து இருக்கு. கிழங்கில ஆர் அளந்தது?

குகன், 6:07
(படம்)
பெரியமாமா, கிண்டின இடத்தில இந்தக் கொடி கிடக்கு

நடேசன் மாஸ்ரர், 6:11
இதுதான். இலைக்குக் காம்பு இல்லை, நுனி நீண்டு பற்றுச் சுருளாகி வேலிக் கம்பைச் சுத்தியிருக்குப் பார். இலையே கை. ராசவள்ளிக்கு இலை அகலம், காம்பு நீளம், தண்டில செட்டை ஓடும், பிடிக்கிறதும் தண்டாலதான். பூவையும் கிட்டப் பார் குகன். தலைகீழாத் தொங்கும், பூவுறை ஆறும் பின்னுக்கு மடிஞ்சு மேல பார்க்கும். பச்சை, மஞ்சள், பிறகு சிவப்பு. தம்பம், அதான் பெண் பாகத்தின்ர தண்டு, செங்கோணத்தில பக்கத்துக்குத் திரும்பி மகரந்தம் இருக்கிற கேசரங்களை விட்டு விலகி நிக்கும். சொந்த மகரந்தம் படாமல் இருக்கத்தான். கோடையில மேல் ஒண்டும் இராது, கிழங்கு மண்ணுக்குள்ள உறங்கும், மாரி மழைக்கு முளைக்கும். அதாலதான் சாந்தி காணேல்லை.

சாந்தி, 6:12
நான் காணேல்லையோ? 20 வருசமா வளவு கூட்டிறது நான்

ரதி, 6:13
எலிசபெத் மகாராணி இளவரசியா இருக்கேக்க 1947இல ரொடீசியாவில வைர புரூச் குடுத்தது இந்தப் பூவின்ர வடிவிலதான். சிம்பாப்வேயின்ர தேசியப் பூவும் இதுதான்

பவானி, 6:13
அங்க வைரம், எங்களுக்கு வேலி

குகன், 6:14
இந்தப் படத்தைக் குறூப் படமாப் போடட்டோ

கஜன், 6:14
வேண்டாம்

சாந்தி, 6:14
மாதம் பாத்துச் செய் பெடியா. நல்லூர்க் கோபுரம் அப்பிடியே கிடக்கட்டும்

ரதி, 6:15
தமிழ்நாட்டில அரசுப் பூவெண்டு ஊரெல்லாம் போடுகினம்

கஜன், 6:15
அது தமிழ்நாடு சின்ன மாமி

சாந்தி, 6:17
ஐயோ அண்ணை. சின்னராசா அண்ணை ஒரு பை கட்டிக்கொண்டு போனவர்

நடேசன் மாஸ்ரர், 6:17
எடுத்துச் சொல்லு உடனே

சாந்தி, 6:19
அடிக்குது, எடுக்கிறாரில்லை

கஜன், 6:19
நான் மோட்டச்சைக்கிளில போறன். இணுவில்தானே

நடேசன் மாஸ்ரர், 6:20
தின்டிருந்தால் பெரியாஸ்பத்திரி. சத்தி எடுக்க வைக்க வேண்டாம். மிச்சக் கிழங்கையும் கொண்டு போ, டொக்ரருக்குக் காட்ட

பவானி, 6:24
கடகத்தில இருக்கிற ராசவள்ளியைப் பிறிம்பா எடுங்கோவன். அம்மா நட்டது. எறியப்படாது

நடேசன் மாஸ்ரர், 6:25
கலந்து கிடக்கு. ஒண்டும் சமைக்கப்படாது

பவானி, 6:25
நீங்கள் அந்தப் பக்கம் எண்டாலே எல்லாம் எறிவியள்

நடேசன் மாஸ்ரர், 6:26
எந்தப் பக்கம்?

பவானி, 6:26
கிணத்துப் பக்கம். உறுதியில வழிவாய்க்காலும் கிணத்துப் பங்கும் எனக்கும் இருக்கு

ரதி, 6:27
தொடங்கீட்டினம். நான் வேலையில நிக்கிறன்

கஜன், 6:41
ஆள் வீட்டிலதான். சுகம். ஃபோன் சார்ஜில கிடந்தது. பையை அவிச்சுக் காட்டினார், எல்லாம் ராசவள்ளி. "கார்த்திகைக் கிழங்கை ஆரும் தின்னுவினமோ தம்பி, அதை உங்களுக்கு வைச்சிட்டு வந்தனான்" எண்டார்

கஜன், 6:41
அவிச்சு இல்லை, அவிழ்த்து 😄

குகன், 6:42
😂😂😂

சாந்தி, 6:42
அப்ப நல்லதெல்லாம் அவரிட்டை

ரதி, 6:43
பல்கலைக்கழகம் போகாத ஆள். பெரியண்ணை குறிச்சுக்கொள்ளுங்கோ

நடேசன் மாஸ்ரர், 6:45
அவருக்கு வேலி தெரியும். குகன், கிழங்கைப் பழைய இடத்தில தாட்டு விடு, மாடு ஆடு போகாத பக்கமா. முறியாமல் பாத்துத் தாட்டு, முளை நுனியிலதான் இருக்கு, நுனி போனால் முளைக்காது

பவானி, 6:46
திரும்ப நடுறதோ? பிள்ளையள் ஓடித் திரியிற இடம். சிவப்பு விதையைக் கண்டால் வாயில வைக்குங்கள்

நடேசன் மாஸ்ரர், 6:46
வளவில நிக்கட்டும். வேலியெல்லாம் மதில் ஆக்கி இது நிக்க இடம் இல்லாமல் போகுது

சாந்தி, 6:47
பிறகு பாப்பம். திவசத்துக்கு ராசவள்ளி ஆர் வாங்கிறது?

கஜன், 6:48
விடிய திருநெல்வேலிச் சந்தைக்குப் போறன் மாமி. இல்லாட்டிச் சின்னராசா அண்ணையிட்டையே கேப்பம்

சாந்தி, 6:48
அதோட வேலி அடைச்ச காசும் இருக்கு. கம்பு, கூலி எல்லாம் சேர்த்து ஆளுக்கு எவ்வளவு எண்டு பிரிச்சுப் போடுறன்

சாந்தி, 6:55
பவானி அக்கா?

பவானி, 7:02
எனக்கு மீற்றிங் தொடங்குது

ரதி, 7:03
எந்தப் பக்க வேலி?