புதுப்பிப்பு: கட்டில் மல்யுத்தம் என்ன ஆயிற்று?

விளக்கை அணைத்தவுடன் என் மூன்று பையன்களும் (வயது 8, 6, 4) கட்டிலில் மல்யுத்தம் தொடங்குகிறார்கள் என்று போன மாதம் புலம்பியிருந்தேன். சாயங்காலம் நன்றாக ஓடவிடுங்கள் என்று பலர் சொன்னீர்கள். விட்டேன். களைத்துப்போனது நான்தான்.

உண்மையான காரணம் சின்னவனின் பகல் தூக்கம். ஐந்து மணி வரை தூங்கியவன் பத்து மணிக்கு எப்படிக் கண்ணை மூடுவான்? 3 முதல் 5 வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்தே 10 முதல் 13 மணி நேரம் என்பது கணக்கு. இப்போது மூன்று மணிக்கு எழுப்பிவிடுகிறேன். அரை மணி நேரம் என் தோளில் சாய்ந்து சிணுங்குவான். ஆனால் ராத்திரி எட்டரைக்கு, ஒரு கால் சாக்ஸை மட்டும் கழற்றிய நிலையில் அப்படியே சாய்ந்துவிடுகிறான். எதிராளி இல்லாமல் மற்ற இருவருக்கும் சுவாரஸ்யம் போய்விட்டது. கொஞ்ச நேரம் கிசுகிசுத்துவிட்டுத் தூங்குகிறார்கள்.

சரி, பகல் கதை வேறு. நேற்று சோபாவின் கால் உடைந்தது. யார் என்று கேட்டேன். பெரியவன் நடுவனைக் காட்டினான், நடுவன் சின்னவனை, சின்னவன் என்னை. எழுதும்போதே உள்ளே ஏதோ விழும் சத்தம். அப்புறம் வருகிறேன்.