புதுப்பிப்பு: அம்மா அப்பாவின் சிங்கப்பூர் டிக்கெட், காப்பீடு எடுத்தாச்சு

திருவனந்தபுரத்திலிருந்து சிங்கப்பூருக்கு அம்மா அப்பாவுக்கு ஆன்லைனில் டிக்கெட் போடும்போது, பணம் கட்டும் பக்கத்தில் வரும் பயணக் காப்பீட்டை எடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன் (களியக்காவிளை பக்கம் எங்களுக்கு மதுரையை விட திருவனந்தபுரம்தான் கிட்டத்து ஏர்போர்ட்). பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. காப்பீடு எடுத்துவிட்டோம், ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்ததை அல்ல.

காரணம் அப்பாவின் சுகரும் பிரஷரும். ஏற்கெனவே இருக்கும் நோயால் வரும் செலவு எதற்கும் பணம் கிடையாது என்று அந்தப் பாலிசி வாசகத்தில் தெளிவாகவே இருந்தது. சிங்கப்பூரில் சுற்றுலா போகிறவர்களுக்கு அரசு மருத்துவமனையிலும் மானியம் இல்லை, சில நாள் படுத்தாலே லட்சக்கணக்கில் போய்விடும், அதனால் சுகர், பிரஷர் இரண்டையும் மறைக்காமல் எழுதிக்கொடுத்து, அவற்றால் உயிருக்கு ஆபத்து வந்தால் செலவைத் தரும் என்று எழுத்தில் இருக்கும் பாலிசியாகத் தேடித் தனியாக எடுத்தோம். நோயை மறைத்தால் க்ளெய்மை நிராகரித்துவிடலாம். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

பயணத்தை ரத்து செய்தால் காப்பீட்டில் பணம் வருமா என்று ஒருத்தர் கேட்டிருந்தார். மனசு மாறியதற்கெல்லாம் வராது, பாலிசியில் சொன்ன காரணங்களுக்குத்தான்.

அப்புறம், குழித்துறையிலிருந்து ரயிலில் போகிறவர்களுக்கு: ஐஆர்சிடிசியில் டிக்கெட்டோடு எடுக்கும் பயணக் காப்பீடு ஆளுக்கு 45 பைசாதான், ரயில் விபத்தில் இறந்தால் 10 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 2 லட்சம் வரை. யோசிக்கவே வேண்டாம், எடுத்துவிடுங்கள். டிக்கெட் போட்டதும் வரும் லிங்க்கில் நாமினி பெயரை அன்றைக்கே நிரப்பிவிடுங்கள்.