பழைய படகு கேபின்: தொங்கும் கூரை வினைல், கறுத்த தேக்கு

கேள்வி: 1980-களில் கட்டிய ஃபைபர்கிளாஸ் மோட்டார் படகு. கேபின் கூரையில் ஒட்டியிருந்த வினைல் (பிளாஸ்டிக் உறை) தொங்குகிறது. ஜன்னலுக்குக் கீழே தேக்கு வெனீரில் (பலகைமேல் ஒட்டிய மெல்லிய மரத் தகட்டில்) கறுப்புக் கறை. எதில் தொடங்கலாம்?

பதில் 1: ஜன்னல் கசிவில். கறை, தண்ணீர் இறங்கின தடம். ஃபிரேமைக் கழற்றி, பழைய சீலன்ட்டை (கசிவடைக்கும் பசையை) சுரண்டிவிட்டு பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் பட்டை) வைத்து இறுக்குங்க.

பதில் 2: பழைய வினைலைத் திரும்ப ஒட்டாதீங்க, நிற்காது. பின்னாலிருக்கும் ஃபோம் பொடிந்துபோயிருக்கும். உரித்து, ட்ரில்லில் கம்பி பிரஷ் மாட்டி அந்தத் தூளை முழுக்க எடுங்க, முகமூடி கட்டாயம். வெப்பம் தாங்கும் கான்டாக்ட் பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்க. சாதாரணப் பசை வெயிலில் இளகிவிடும்.

பதில் 3: வெனீர் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, தேய்க்கும் மெஷின் வேண்டவே வேண்டாம். 180 எண் உப்புத்தாளால் ரேகை ஓடும் திசையில் கையால் தேய்த்து, கறைக்கு ஆக்சாலிக் அமிலம் (மரக்கறையை வெளுப்பது) போட்டு, கழுவி நன்றாகக் காயவிடுங்க. முதல் கோட் வார்னிஷில் பாதிக்குப் பாதி தின்னர் (வார்னிஷை நீர்க்கவைக்கும் திரவம்) கலந்துக்கோங்க.