கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும் நெதர்லாந்தில் மழைநீர் எங்கே போகிறது?

வைகைக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் மகள் மேற்படிப்புக்காக வரும் செப்டம்பரில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகருக்குச் செல்கிறாள். அந்த நாட்டைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதிலிருந்து ஓர் ஐயம் எனக்குத் தீரவே இல்லை. நிலப்பரப்பில் ஏறத்தாழ 26 விழுக்காடு கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறதாம். கடலைத் தடுக்கக் கரை கட்டியிருக்கிறார்கள் என்பது விளங்குகிறது. ஆனால் கரைக்கு உள்ளே பெய்கிற மழை என்ன ஆகும்? நம் ஊரில் ஏரி நிரம்பினால் தண்ணீர் கலிங்கு வழியாகத் தாழ்ந்த இடத்துக்கு ஓடிவிடும். அந்தத் தாழ்ந்த இடத்திலேயே ஊர் இருந்தால் தண்ணீர் எங்கே போகும்? இதற்கு யார் பொறுப்பு, செலவை யார் ஏற்கிறார்கள்? அங்கே வசிப்பவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஊத்ரெக்ட்வாசி:

ஐயா, தண்ணீர் தானாக எங்கும் போவதில்லை. இரவும் பகலும் இறைத்துத்தான் வெளியேற்றுகிறார்கள். சுற்றிலும் கரை எழுப்பி, உள்ளே நீர்மட்டத்தைத் தனியாகக் கட்டுப்படுத்தும் நிலப்பகுதிக்கு இங்கே போல்டர் என்று பெயர். போல்டருக்குள் வயலுக்கு வயல் சிறு வாய்க்கால் ஓடும். அவையெல்லாம் ஒரு பெரிய வாய்க்காலில் சேரும், அதன் கோடியில் இறைப்பு நிலையம் இருக்கும். அங்கிருந்து தண்ணீரை மேலே தூக்கி, போல்டரை விட உயரத்தில் கரைகளுக்கு நடுவே ஓடும் பூசெம் என்னும் தேக்கக் கால்வாயில் விடுவார்கள். பூசெமிலிருந்து ஆற்றுக்கோ கடலுக்கோ செல்வது இரண்டாவது கட்டம். கடல் வற்றும் நேரத்தில் மதகைத் திறந்தால் போதும் என்ற இடங்கள் உண்டு. மற்ற இடங்களில் அங்கும் பம்புதான்.

உங்கள் மகள் டெல்ஃப்டிலிருந்து சைக்கிளில் சற்று தூரம் சென்றாலே இதைக் கண்ணால் பார்க்கலாம். கால்வாய்க் கரையின்மேல் நின்றால் ஒரு பக்கம் தண்ணீர் காலடிக்கு அருகில் ததும்பிக்கொண்டிருக்கும். மறுபக்கம் மாடுகளும் வீட்டுக் கூரைகளும் கீழே தெரியும். மேயும் மாட்டின் தலைக்கு மேலான மட்டத்தில் படகு ஒன்று கடந்து போகும்.

காற்றாலைகளும் இந்த வேலைக்காகவே வந்தவை. ஒரு காற்றாலையின் சக்கரம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத்தான் தண்ணீரை ஏற்றும் என்பதால், ஆழமான இடங்களில் மூன்று நான்கை வரிசையாக நிறுத்தி, ஒன்று ஏற்றியதை அடுத்தது வாங்கி மேலே ஏற்றும்படி அமைத்தார்கள். ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே உள்ள பேம்ஸ்டர் ஏரியை 1612-ல் காற்றாலைகளைக் கொண்டே வடித்து விளைநிலம் ஆக்கினார்கள். கின்டர்டைக் என்னும் ஊரில் 19 காற்றாலைகள் இன்றும் நிற்கின்றன. அதற்குப் பின் நீராவி வந்தது. ஹார்லமர்மேர் என்ற பேரேரியை மூன்று நீராவி நிலையங்கள் இறைத்து 1852-ல் வற்றவைத்தன. உங்கள் மகள் வந்து இறங்கப்போகும் ஸ்கிபோல் விமான நிலையம் அந்த ஏரியின் அடித்தரையில்தான், கடல்மட்டத்துக்கு மூன்று மீட்டருக்கும் கீழே அமைந்திருக்கிறது. நாட்டின் மிகத் தாழ்ந்த இடம் ரோட்டர்டாமுக்கு அருகில் உள்ள சௌட்பிளாஸ் போல்டர், கடல்மட்டத்துக்கு 6.76 மீட்டர் கீழே.

தெற்கு மேடு:

மேலே உள்ள விளக்கத்தோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இந்த நிலைமை நாடு முழுவதற்கும் பொருந்தாது. ஹாலந்து என்று உலகம் அழைப்பது மொத்தமுள்ள 12 மாகாணங்களில் வட ஹாலந்து, தென் ஹாலந்து என்ற இரண்டை மட்டுமே குறிக்கும் பெயர். கிழக்கும் தெற்கும் மேட்டு நிலம். நான் வசிக்கும் லிம்பர்க் மாகாணத்தில் ஃபால்ஸ் குன்று 322 மீட்டர் உயரம். ஆனால் மேட்டில் இருப்பதால் எங்களுக்கு வெள்ளம் இல்லை என்று எண்ண வேண்டாம். 2021 ஜூலையில் குன்றுகளில் பெய்த பெருமழையால் ஹூல் என்னும் சிற்றாறு பெருக்கெடுத்து, ஃபால்கன்பர்க் நகரின் நடுவிலேயே புகுந்தது.

வாய்க்கால் கணக்கர்:

கேள்வியின் இரண்டாம் பகுதியான பொறுப்பும் செலவும் பற்றி எழுதுகிறேன், ஏனெனில் இந்த நாட்டைப் புரிந்துகொள்ள இதுவே நல்ல வாசல் என்பது என் உறுதியான கருத்து.

நீருக்கென்று தனி அரசாங்கமே இங்கு இருக்கிறது. வாட்டர்ஸ்காப் எனப்படும் நீர் வாரியங்கள் இப்போது 21 உள்ளன. இவை நகராட்சிக்கோ மாகாணத்துக்கோ கிளை அலுவலகங்கள் அல்ல. தமக்கென வரி விதிக்கவும், விதிமுறை இயற்றவும், தேர்தல் நடத்தவும் அதிகாரம் உள்ளவை. பல வாரியங்களின் வேர் 13-ஆம் நூற்றாண்டு வரை செல்கிறது. டெல்ஃப்ட் பகுதியைக் கவனிக்கும் டெல்ஃப்லாந்து வாரியம் 1289-ல் தொடங்கியது. ஔட டெல்ஃப்ட் கால்வாயோரத்தில், முகப்பில் வண்ணக் குலச்சின்னங்கள் பதித்த அதன் பழைய மாளிகையை உங்கள் மகள் தினமும் கடந்து போகக்கூடும்.

கரையைக் காக்காதவனுக்கு நிலத்தில் இடமில்லை என்பது பழைய சட்டம். தன் பங்குக் கரையைச் செப்பனிட இயலாதவன் மண்வெட்டியைக் கரையில் ஊன்றிவிட்டு வெளியேற வேண்டும். அதைப் பிடுங்கி எடுப்பவன் கரையின் பொறுப்போடு நிலத்தையும் ஏற்பான். இன்று அந்த இடத்தில் வரி இருக்கிறது. வாரியத்தின் தலைவரை அரசர் ஆணையால் ஆறாண்டுகளுக்கு நியமிக்கிறார்கள். உறுப்பினர்களில் பெரும்பாலோரை நான்காண்டுக்கு ஒருமுறை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும். ஆனால் நீர் வாரியத் தேர்தலில், முறையான வசிப்பு உரிமம் பெற்ற வெளிநாட்டவரும் வாக்களிக்கலாம். கரை உடைந்தால் நனைவது அவர் வீடும்தான் அல்லவா?

வாரியத்தின் அன்றாட வேலை பெரும்பாலும் நீர்மட்டத்தைப் பற்றிய வழக்குதான். மாடு வளர்ப்பவர் நீர்மட்டம் தாழ்வாக இருக்கவேண்டும் என்பார். இல்லாவிட்டால் ட்ராக்டரும் மாடும் சேற்றில் புதையும். மரத்தூண்களின்மேல் கட்டிய பழைய வீட்டுக்காரர் உயரமாக வேண்டும் என்பார். நீர் இறங்கி மரத்தில் காற்றுப் பட்டால் தூண் உளுத்துப்போகும். பறவைகளைக் காப்பவர்களும் உயரத்தையே கேட்பார்கள். சில சென்டிமீட்டர் வேறுபாட்டுக்காக ஆண்டுக்கணக்கில் கூட்டம் நடப்பதுண்டு. இன்னொரு பெரிய வேலை, கரைகளில் வளை தோண்டும் மஸ்க் எலிகளைப் பிடிப்பது. அதற்கென்றே முழுநேரப் பணியாளர்கள் கூண்டுகளோடு வாய்க்கால் வாய்க்காலாகச் சுற்றுகிறார்கள்.

வைகைக்கரை:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இன்னும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. கடல் உயர்ந்துகொண்டே போகும் காலத்தில், கரையை மேலும் மேலும் உயர்த்துவதுதான் அவர்கள் வழியா? அதற்கு முடிவு ஏது?

ஊத்ரெக்ட்வாசி:

உங்கள் கேள்வியை இந்த நாடே தன்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது. 1953 ஜனவரி 31 இரவில் வடமேற்குப் புயலும் பேரலை ஏற்றமும் ஒன்றுசேர்ந்து வந்தபோது, ஜீலாந்து மாகாணத்திலும் அதை அடுத்த தீவுகளிலும் கரைகள் வரிசையாக உடைந்தன. 1,836 பேர் இறந்தார்கள். அதன்பின் தொடங்கிய டெல்டா திட்டம், முகத்துவாரங்களை அணையிட்டு மூடுவதையே முதலில் நோக்கமாகக் கொண்டிருந்தது. கிழக்கு ஸ்கெல்டா முகத்துவாரத்தின் முறை வந்தபோது, சிப்பி வளர்க்கும் மீனவர்களும் இயற்கை ஆர்வலர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். உப்புநீர் உள்ளே வராவிட்டால் அங்குள்ள உயிர்களெல்லாம் அழிந்துவிடும் என்றார்கள். அரசு இறங்கிவந்தது. 1986-ல் திறக்கப்பட்ட அந்தத் தடுப்பில் 62 எஃகு ஷட்டர்கள் உள்ளன. அவை எப்போதும் திறந்தே இருக்கும், பெரும்புயல் வரும்போது மட்டும் இறங்கும். ரோட்டர்டாமைக் காக்கும் மாஸ்லாந்து தடுப்பும் அப்படியே. ஒவ்வொன்றும் 210 மீட்டர் நீளமுள்ள இரண்டு கதவுகள், கணினியின் கட்டளைப்படி கப்பல் வழியை அடைக்கும்.

ஆறுகளின் கதை வேறு. 1995-ல் ரைன் ஆற்றின் கிளைகள் கரை தொட்டபோது ஏறத்தாழ 2,50,000 பேர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். கரைகள் தாங்கிவிட்டன என்றாலும், இனி உயர்த்திக்கொண்டே போக முடியாது என்ற முடிவுக்கு அரசு வந்தது. உயர்ந்த கரை உடைந்தால் அழிவும் அந்த அளவுக்கு உயரும். ஆகவே ஆற்றுக்கு இடம் விடும் திட்டம் பிறந்தது. நைமேகன் நகருக்கு எதிர்க்கரையில் லென்ட் என்னும் இடத்தில் கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளிக் கட்டி, ஏறத்தாழ 50 வீடுகளை அகற்றி, வால் என்னும் ரைன் கிளையாற்றுக்கு ஒரு துணைக் கால்வாய் வெட்டினார்கள். நூற்றாண்டுகளாகத் தண்ணீரிடமிருந்து நிலத்தைப் பிடுங்கிய மக்கள் அதைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது எளிய மனமாற்றம் அல்ல. வீட்டை இழந்தவர்களுக்கு அது பெரும் துயரம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வாய்க்கால் கணக்கர்:

கடலை விட எனக்குக் கவலை தருவது மண்தான். மேற்குப் பகுதியின் பெரும்பரப்பு, மட்கிய செடிகொடிகள் படிந்து உருவான கரிமண். ஈரமாக இருக்கும்வரை அது கெடாது. நீரை வடித்தவுடன் காற்றுப் பட்டு மட்கி, சில இடங்களில் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வரை அமிழ்கிறது. அமிழ்ந்த நிலத்தில் மீண்டும் நீர் தேங்குகிறது, மீண்டும் இறைக்கிறார்கள், மீண்டும் அமிழ்கிறது. 2003 ஆகஸ்டில் வில்னிஸ் என்னும் ஊரில் ஒரு கரை உடைந்தது. காரணம் மழை அல்ல, வறட்சி. கரிமண்ணால் ஆன அந்தக் கரை காய்ந்து எடை குறைந்ததும், கால்வாய் நீரின் அழுத்தம் அதை அப்படியே பக்கவாட்டில் தள்ளிவிட்டது. அதிலிருந்து கோடையில் கரைகளுக்குத் தண்ணீர் தெளித்து ஈரமாக வைப்பதும் வாரியங்களின் வேலையாகிவிட்டது.

மகளுக்குச் சில நடைமுறைச் செய்திகளும் சொல்லிவிடுகிறேன். நீச்சல் தெரியாவிட்டால் வந்தவுடன் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். இங்கே குழந்தைகள் உடுத்திய உடையோடும் காலணியோடும் நீந்திக் காட்டித்தான் நீச்சல் சான்றிதழ் பெறுகிறார்கள். கால்வாய்க்குள் தவறி விழுபவர் நீச்சலுடையில் விழுவதில்லை. 1953-ன் நினைவைப் பார்க்க விரும்பினால் அவுவர்கெர்க் ஊரின் அருங்காட்சியகத்துக்குப் போகட்டும். கடைசி உடைப்பை அடைக்கக் கடலில் இறக்கிய நான்கு கான்கிரீட் பெட்டிகளுக்குள்ளேயே அது நடக்கிறது. தனி வீடாக வாடகைக்கு எடுத்தால் நீர் வாரியத்திலிருந்து வரிக் கடிதம் வரும். டச்சு மொழியில் இருக்கிறதே என்று ஒதுக்கி வைக்க வேண்டாம். வருமானம் குறைந்த மாணவர்கள் தள்ளுபடிக்கு விண்ணப்பிக்கலாம். கடிதம் வந்தவுடனே செய்துவிடுவது நல்லது.