ஒரே ரெட் கிங்: இங்க எழுநூறு யென், அங்க ஏழாயிரம் யென். ஏன்?

நிஷிகசாய்_அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். நிஷிகசாய்ல இருக்கோம், ஜப்பான் வந்து நாலு வருஷம் ஆச்சு. பையனுக்கு ஆறு வயசு, 'அல்ட்ராமேன்'னு இங்க வர்ற டிவித் தொடர்னா பைத்தியம். ஹீரோ மேல இல்லை, அடி வாங்குற மான்ஸ்டர் மேலதான் பாசம் முழுக்க. மாசத்துக்கு ஒண்ணுன்னு பண்டாய் கம்பெனியோட சின்ன வினைல் மான்ஸ்டர் பொம்மை வாங்கித் தருவேன். ஒரு சாண் கூட வராது, எழுநூறு சொச்சம் யென். குளிக்கும்போது கூடவே தொட்டிக்குள்ள இறங்கும், ராத்திரி தலையணைக்கு அடியில இருக்கும்.

போன சனிக்கிழமை நகானோ பிராட்வே போனோம், டோக்கியோவுல பொம்மை சேகரிக்கறவங்க தேடிப் போற கடைங்க நிறைஞ்ச கட்டிடம். மேல் மாடியில ஒரு கண்ணாடி அலமாரி, உள்ள ரெட் கிங்ங்கற அல்ட்ராமேன் மான்ஸ்டர் நிக்குது. உடம்பு முழுக்க பாசிப் பச்சை, மேலாக வெள்ளிப் பூச்சு, வயித்துல செம்பு நிறம். அந்தக் குட்டித் தலையை வச்சுத்தான் ரெட் கிங்னே கண்டுபிடிச்சேன். பாலிதீன் பையில போட்டு, மேல அட்டை மடிச்சு ஸ்டேப்ளர் அடிச்சிருந்தது, நம்ம ஊர் பெட்டிக்கடையில தொங்குமே, அது மாதிரி. விலை ஏழாயிரத்துக்கு மேல. ஐம்பது அறுபது வருஷத்துப் பழசு போலன்னு நினைச்சு கடைக்காரரைக் கேட்டா, "ஷின்பின்" அப்படின்னார். புத்தம் புதுசாம்!

பையன் உத்துப் பார்த்துட்டு, "அப்பா, இது தப்புக் கலர்" அப்படின்னுட்டான். நானும் அதைத்தான் கேக்கறேன். டிவியில வர்ற மாதிரியே அச்சு அசலா இருக்கறது எழுநூறு. கலரும் தப்பு, மூஞ்சியும் லேசா இளிக்குது, அதுக்குப் பத்து மடங்கு விலை. இதை யார் வாங்கறாங்க, எதுக்கு வாங்கறாங்க?

சைதாமா_சுந்தரி:

வாங்கற ஆள் எங்க வீட்டுலயே ஒருத்தர் இருக்கார் சார். எதுக்குன்னு எனக்கும் இன்னும் புரியல. பதிலுக்குக் காத்திருக்கேன்.

காத்சுஷிகா_காரன்:

தம்பி, உங்க பையன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. கலர் தப்புதான். அந்தத் தப்புக்குத்தான் நான் பதினஞ்சு வருஷமா காசு கொடுத்துட்டு வர்றேன்.

முதல்ல ஒரு விஷயம். கடையில கேட்டா, "இது கையால செஞ்சது, பண்டாய் மெஷின்ல செஞ்சது"ன்னு சொல்வாங்க. அதுல பாதிதான் உண்மை. சோஃபுபி, அதாவது சாஃப்ட் வினைலை ஜப்பான்காரங்க சுருக்கிச் சொல்ற பேர், வார்க்கற முறை அடிப்படையில ரெண்டுக்கும் ஒண்ணுதான். எண்ணிக்கையும் அவசரமும்தான் வேற.

நான் இருக்கற காத்சுஷிகா பொம்மைத் தொழிலுக்குப் பேர் போன இடம். மோஞ்சிச்சின்னு ஒரு குரங்குப் பொம்மை 1974-ல வந்ததே, அந்தக் கம்பெனி கூட இங்கதான். வீட்டுலேர்ந்து சைக்கிள்ல பத்து நிமிஷம் போனா ஒரு வினைல் பட்டறை. நண்பர் ஒருத்தர் சொல்லி ஒரு மதியம் உள்ள விட்டாங்க. எழுபது வயசு இருக்கும், ஒருத்தர் தனியா நின்னுட்டிருந்தார். செம்பு நிறத்துல அச்சு, சொம்பு அளவுதான். அதுல வினைல் கரைசலை ஊத்தறார், இட்லி மாவை விடக் கொஞ்சம் நீர்க்க இருக்கும். கொதிக்கிற எண்ணெய்த் தொட்டியில முக்கறார். அச்சோட சுவரை ஒட்டின மாவு மட்டும் இறுகும், நடுவுல இருக்கறது அப்படியே திரவமா இருக்கும். வெளிய எடுத்துக் கவுத்தா மிச்சம் திரும்ப வாளிக்குப் போயிடும். எவ்வளவு நேரம் விடறாரோ அவ்வளவு தடிப்பு. கடிகாரத்தை அவர் பார்த்து நான் பார்க்கல. மறுபடியும் எண்ணெய், அப்புறம் தண்ணி, சுர்ருன்னு ஒரு சத்தம். சூடு ஆறறதுக்குள்ள இடுக்கியால வாய்ப்பக்கத்தைப் பிடிச்சு இழுக்கறார் பாருங்க, அங்கதான் எனக்கு மூச்சு நின்னுடுச்சு. மூணு விரல் அகலத்து ஓட்டை. அதுக்குள்ளேர்ந்து தொந்தி, முதுகு, முள்ளு எல்லாம் நசுங்கிக் கசங்கி வெளிய வருது. வந்ததும் பொளக்குன்னு உப்பி ஒரு மான்ஸ்டர் உடம்பா நிக்குது. வேகமா இழுத்தா கிழியும், தயங்கினா உள்ளயே இறுகிடும். நான் நின்ன ஒரு மணி நேரத்துல ரெண்டு கிழிஞ்சது. எடுத்துத் தூக்கிப் போட்டுட்டு, பேசாம அடுத்ததுக்குப் போயிட்டார்.

அந்த இழுப்புக்கு ஒரு காசு, நூறு இருநூறுதான் போடறாங்கங்கறதுக்கு ஒரு காசு. ஸ்ப்ரே அடிக்கறவங்க கூலி தனி. ஏழாயிரத்துக்குக் கணக்கு ஓரளவு வந்துடுச்சு.

இனி கலருக்கு வர்றேன். 1966 ஜனவரியில, அல்ட்ராமேனுக்கு முந்தின மான்ஸ்டர் தொடர் 'அல்ட்ரா கியூ' டிவியில வந்தப்போ அது கறுப்பு வெள்ளை. அந்த வருஷமே மருசான் கம்பெனி அந்த மான்ஸ்டர்களை வினைல்ல போட்டுச்சு. அதுல வர்ற கனேகொன்ங்கற மான்ஸ்டர் என்ன நிறம்னு எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? ஜூலையில 'அல்ட்ராமேன்' கலர்ல வந்துச்சு, ஆனா பெரும்பாலான வீட்டுல டிவி கறுப்பு வெள்ளைதான். பொம்மைக்காரங்களுக்குக் கொண்டாட்டம். நீல வினைல்ல வார்த்துத் தங்கம் அடிச்சாங்க, பச்சையில வார்த்து ரோஸ் அடிச்சாங்க. உருவத்தையும் பிள்ளைங்க கைக்குத் தோதா மாத்தினாங்க: வால் குட்டை, வயிறு உருண்டை, பல்லு மழுங்கல். மருசான் 1968-ல விழுந்துடுச்சு. அங்க வேலை பார்த்தவங்க புல்மார்க்குன்னு ஒண்ணு ஆரம்பிச்சு, பழைய அச்சுகளையும் எடுத்துக்கிட்டு, 1971 மான்ஸ்டர் அலையில கொடி கட்டிப் பறந்தாங்க. 1977-ல அதுவும் மூடியாச்சு.

நீங்க பார்த்தது அந்தப் பாணியில இப்போ வார்க்கறது. 90-கள்லேர்ந்து எம்-1-கோ மாதிரி சின்னக் கம்பெனிகள் இதைப் பண்றாங்க. பழைய பொம்மையை அப்படியே மறுபடி போடறதும் உண்டு, அன்னிக்கு யாரும் போடாத மான்ஸ்டரை 'மருசான் போட்டிருந்தா எப்படி இருக்கும்'னு யோசிச்சுப் புதுசா செதுக்கறதும் உண்டு. எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும். நடக்காத ஒரு வருஷத்துப் பொம்மை அது.

பண்டாய் ரெட் கிங்கைப் பார்த்தா எனக்கு ரப்பர் உடை போட்ட ஆள் ஞாபகம் வருது. பச்சை ரெட் கிங்கைப் பார்த்தா பொம்மை ஞாபகம் வருது. (அது சரி, டிவியில வர்ற ரெட் கிங் மட்டும் சிவப்பா? பேர்லதான் சிவப்பு!)

ஒரு எச்சரிக்கை. நிஜப் பழசுன்னு சொல்லி ஆன்லைன் ஏலத்துல யாராவது போட்டா, பாதத்தோட படம் கேளுங்க. கம்பெனி முத்திரை அங்கதான் இருக்கும். விற்றவர் பேர் இங்க வேண்டாம், நான் படம் கேக்காம ஒரு புல்மார்க் பொம்மைக்கு, ஹெதோராங்கற மான்ஸ்டர், ஒரு மாச வாடகையில பாதியைக் கொட்டினேன். வந்தது மறுவார்ப்பு. பொம்மை என்னவோ அழகுதான், அதனால தூக்கிப் போடவும் மனசு வரல. அலமாரியில மூஞ்சியைத் திருப்பி வச்சிருக்கேன்.

ஒசாகா_அக்கா:

காத்சுஷிகா அண்ணா எழுதினதைப் படிச்சா பண்டாய் வாங்கறவங்க ரசனை இல்லாதவங்கன்னு தோணிடும். நான் பண்டாய் கட்சி, முந்நூறு பொம்மை இருக்கு, வெக்கமே இல்லை.

1983-ல பண்டாய் இந்த வினைல் மான்ஸ்டர் வரிசையை ஆரம்பிச்சப்போ என்ன பண்ணாங்க? உடையைப் பார்த்து, டிவியில இருக்கற மாதிரியே செதுக்கினாங்க. அதை 'சும்மா காப்பி'ன்னு ஒதுக்க முடியாது. அந்த மான்ஸ்டர்களை வரைஞ்சவர் நரிதா தோரு, உடையைச் செஞ்சவர் தகயாமா ரியோசகு. ரெட் கிங்கோட அந்தக் கீழ அகலமா, மேல போகப் போகக் குறுகற உருவம் நரிதா யோசிச்சது. கீழேர்ந்து பார்த்தா மலை மாதிரி தெரியணும். தலையை ஊதி, வயித்தை உருட்டி, இளிக்க வச்சா அந்த யோசனை போச்சு. பொம்மை அழகா இருக்கலாம், ஆனா நரிதா அதுல இல்லை. என் மேசையில இருக்கற பண்டாய் பொம்மை, 'தாதா'ங்கற மான்ஸ்டரைக் கையில எடுத்துப் பாருங்க, உடம்புல ஓடற கறுப்பு வெள்ளைக் கோடு எங்க வளையணுமோ அங்க வளையும்.

அப்புறம், விலை. ஒரு ஆறு வயசுப் பிள்ளை தன் கையால எண்ணிக் காசு கொடுத்து வாங்கற மான்ஸ்டர் இது. மருசான் அன்னிக்கு யாருக்காகப் போட்டாங்க? பிள்ளைங்களுக்குத்தானே! இன்னிக்கு அந்தப் பாணிப் பொம்மையை எந்தப் பிள்ளை வாங்குது? நிறைய பொம்மைக்குக் குலுக்கல்ல பேர் விழுந்தாத்தான் காசு கொடுக்கவே விடறாங்க. அதுக்கு நாப்பது வயசு ஆம்பளைங்க மட்டும்தான் விண்ணப்பம் போடறாங்க.

குறையும் சொல்லிடறேன். 2013-ல அளவைச் சுருக்கினது எனக்கு இன்னும் ஆறல. முதுகுல பெயின்டே அடிக்காம விடறாங்க, முன்னாடி ராஜா பின்னாடி அம்மணம். ஆனா அதே வருஷம் 'அல்ட்ராமேன் கிங்கா'வுக்காகப் பாதத்துல ஒரு அடையாளம் வச்சு, அதைப் பிள்ளைங்க கையில இருக்கற கருவியில அழுத்தினா மான்ஸ்டர் பேர் சொல்லுமே, அது அற்புதமான யோசனை. அண்ணா பாதத்தைத் திருப்பி முத்திரை தேடறார். என் பொண்ணு திருப்பி வச்சுக் கத்த வைப்பா.

காத்சுஷிகா_காரன்:

அக்கா, முதுகு விஷயத்தை நீங்களே சொன்னது நல்லதாப் போச்சு, நான் சொன்னா சண்டை ஆகியிருக்கும்.

நரிதா விஷயத்துல உங்க பக்கம் நியாயம் இருக்கு. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. குலுக்கலும் எனக்குப் பிடிக்காது. மக்குஹரி மெஸ்ஸே அரங்கத்துல வொண்டர் ஃபெஸ்டிவல்ங்கற பொம்மைக் கண்காட்சி நடக்கறப்போ விடிகாலை வரிசையில நின்னு, என் முறை வர்றதுக்குள்ள எல்லாம் தீர்ந்து, ஒரு வறுத்த நூடுல்ஸ் தின்னுட்டு வீட்டுக்கு வந்திருக்கேன். அடுத்த ரயில்லயே ஒருத்தர் அதே பொம்மையை மூணு மடங்கு விலைக்கு ஏலத்துல ஏத்தறதை போன்ல பார்த்தேன். இப்படி வாங்கி விக்கறவங்க ரசிகர் கிடையாது.

ஆனா அம்மணம்னு சொன்னீங்களே, எங்க ஆளுங்க பெயின்டே இல்லாத வெறும் வினைலைத் தேடித் தேடி வாங்குவாங்க, அதுக்கும் அதே விலை. என்கிட்ட மூணு இருக்கு. வீட்டுல இதைச் சொல்லிடாதீங்க.

சைதாமா_சுந்தரி:

எங்க வீட்டுல ரெண்டு இருக்கு. பெயின்ட் அடிக்க மறந்துட்டாங்கன்னு நினைச்சு, திருப்பிக் கொடுக்கச் சொல்லிட்டிருந்தேன்.

நிஷிகசாய்_அப்பா:

எல்லாருக்கும் நன்றி. இன்னிக்குத் திரும்பப் போனோம். ரெட் கிங் போயிடுச்சு. பக்கத்துல அதே பாணியில ஒரு கராமோன், 'அல்ட்ரா கியூ'வுல வர்ற மான்ஸ்டர், பை கிழிஞ்சிருந்ததால மூவாயிரத்து சொச்சம். நீல வினைல், முள்ளு நுனியில மட்டும் ஆரஞ்சு. தப்புக் கலர்னு பையன் ஆரம்பிப்பான்னு பார்த்தா, "இது அந்தக் காலத்துல டிவி கலர் இல்லாதப்போ வந்தது, அதான்" அப்படின்னு அவங்க அம்மாவுக்கு விளக்கம் சொல்றான். நீங்க எழுதினதை ரயில்ல அவனுக்குப் படிச்சுக் காட்டியிருந்தேன்.

இப்போ ஒரு பிரச்சினை. இடது கை திரும்பவே மாட்டேங்குது, ஒரு காலும் லேசா உள்பக்கம் சாஞ்சிருக்கு, நிக்க வச்சா விழுது. பையன் திருகப் பார்த்தான், பிடுங்கி மேல வச்சிருக்கேன்.

காத்சுஷிகா_காரன்:

பிடுங்கினது நல்லது. குளிர்ல வினைல் விறைச்சிருக்கும், திருகினா கையோட மூட்டு விளிம்பு கிழியும். ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடிச்சு அந்த மூட்டுல மட்டும் சூடு காட்டுங்க, ஒரே இடத்துல நிறுத்தாதீங்க. தொட்டா ரப்பர் மாதிரி ஆனதும் தானா திரும்பும். காலுக்கு வெந்நீர். கொதிக்கிற தண்ணி வேண்டாம், பெயின்ட் போயிடும். கால் மட்டும் முங்கற அளவு, ஒரு நிமிஷம். நேராக்கிப் பிடிச்சுக்கிட்டே பச்சைத் தண்ணிக்கு மாத்துங்க, ஆறற வரைக்கும் கையை எடுக்காதீங்க.

ஜன்னல் ஓரம் வைக்காதீங்க, ஜூலை வெயில்ல மறுபடியும் சாயும். பண்டாய் பொம்மையோட ஒட்டி நெருக்கியும் வைக்காதீங்க. வினைல்ல இருக்கற எண்ணெய்ப் பசை வருஷக்கணக்குல மேல கசிஞ்சு வரும், ஒண்ணோட பெயின்ட் இன்னொண்ணுல ஒட்டிக்கும். நடுவுல ஒரு விரல் இடைவெளி போதும்.

ஒசாகா_அக்கா:

தொட்டிக்குள்ள எதை எடுத்துட்டுப் போறான்னு மட்டும் பார்த்துக்கோங்க தம்பி.

நிஷிகசாய்_அப்பா:

கால் நேராயிடுச்சு. ரெண்டு தடவை வெந்நீர் மாத்த வேண்டியிருந்தது. அக்கா, நான் கிச்சன்ல இதைப் பண்ணிட்டிருக்கும்போதே கதவுப்பக்கம் துண்டோட வந்து நிக்கறான்.